சனிக்கிழமை ராக்கெட்: சிமெண்ட் காலும் செங்கல் தூளும்

மூணு மாசமா இந்தத் தொடர் பக்கம் தலை வச்சுப் படுக்கல. தீஸிஸ், ஆணி ஜாஸ்தி, லேப்ல மெஷின் ரிப்பேர்னு எதையாவது சொல்லித் தப்பிச்சுக்கலாம். நிஜம் என்னன்னா எழுத வெக்கமா இருந்தது. ஏப்ரல்ல போட்ட பதிவுல "கிளப் டீம்ல எடுத்துட்டாங்க, இனி ஜெர்மனி நடுங்கும்"னு நான் விட்ட பீலா உங்கள்ல சிலருக்கு ஞாபகம் இருக்கும். பின்னூட்டத்துல ஒருத்தர் "என்னம்மா, நடுங்கிச்சா?"ன்னு கேட்டிருந்தார். நடுங்கிச்சுங்க. என் முட்டிதான்.

மே மாசம் முதல் மேட்ச். 1-6, 2-6. எதிர்ல நின்னது அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடி, தலையில வெயில் தொப்பி, ஒரு முட்டியில நீலக் கட்டு. டாஸ் போடறப்போ எனக்கு உண்மையாவே பாவமா இருந்தது. மெதுவா ஆடலாமான்னு கூட யோசிச்சேன். அந்த நல்லெண்ணத்துக்கு ஆயுசு சரியா நாலு நிமிஷம்.

முன்கதைச் சுருக்கம் சொல்லிடறேன், புதுசா வர்றவங்களுக்காக. நான் டென்னிஸ் கத்துக்கிட்டது திருச்சியில, சிமெண்ட் கோர்ட்ல. பச்சை பெயிண்ட் பாதி உரிஞ்சு போய், நடுவுல ஒரு விரிசல் ஓடும். அதுல பந்து பட்டா எந்தப் பக்கம் திரும்பும்னு எனக்கும் வாட்ச்மேன் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். மத்தபடி சிமெண்ட் மாதிரி நம்பகமான தரை கிடையாது. பந்து எவ்வளவு எழும்பும்னு கண்ண மூடிட்டு சொல்லலாம். கால ஊன்றினா ஊன்றின இடத்துல நிக்கும். என் ஆட்டமும் அதுக்கேத்த மாதிரி வளர்ந்தது. ஓங்கி ஒரு சர்வ், திரும்பி வந்தா தட்டையா ஒரு ஃபோர்ஹேண்ட், அவ்வளவுதான். நாலாவது அடிக்கு மேல ஒரு பாயிண்ட் நீண்டா எனக்கே கொட்டாவி வந்துடும்.

எட்டு வருஷம் காலையில ஆறு மணிக்கு அப்பா ஸ்கூட்டர்ல கொண்டு வந்து விடுவார். வேலிக்கு வெளியில சிமெண்ட் பெஞ்ச்ல உக்காந்து பேப்பர் படிப்பார். ஒரு நாள் கூட ராக்கெட்டைத் தொட்டதில்ல. "நீங்களும் வாங்கப்பா"ன்னா, "எனக்கு சிமெண்ட் ஆகாது பாப்பா, முட்டி வலிக்கும்"பார். சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்குன்னு நெனச்சுக்குவேன். இதை இங்க எழுதி வைக்கறேன், பின்னாடி தேவைப்படும்.

ஆஹன் நகரத்துக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்தது அக்டோபர்ல. குளிர் காலம் முழுக்க ஆட்டம் கூரைக்குக் கீழதான். யுனிவர்சிட்டி பக்கத்துல ஒரு கிளப், ஸ்டூடண்ட்டுக்குக் கட்டணத்துல சலுகை. முதல் நாளே வாசல்ல நிறுத்திட்டாங்க. ஹாலைப் பாத்துக்கற தாத்தா ஷூவைத் திருப்பிக் காட்டச் சொன்னார். என் ஷூ அடியில ஆழமா வரி வரியா இருந்தது. தலையை ஆட்டிட்டார். உள்ள தரையில கார்ப்பெட். அதுல வரி போட்ட ஷூ பிடிச்சுக்கும், கால் நிக்கும், உடம்பு திரும்பும், முட்டி போயிடும். அடிப்பக்கம் மழமழன்னு இருக்கற ஷூதான் போடணும். பகுதி நேர வேலைச் சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே ஒரு ஷூச் செலவு.

ஆனா கார்ப்பெட் எனக்குப் பிடிச்சுப் போச்சு. பந்து அதிகம் எழும்பாது, தரையோட சறுக்கிட்டு வேகமா வரும். ஏ.டி.பி. 2009லயே பெரிய போட்டிகள்ல இருந்து கார்ப்பெட்டை எடுத்துட்டாங்க, இங்க கிளப் ஹால்கள்ல மட்டும் இன்னும் அங்கங்க உயிரோட இருக்கு. என் தட்டை அடியெல்லாம் அங்க சிமெண்ட்டை விட பலமா விழுந்தது. டீம் கேப்டன் அக்கா ரெண்டு வாரம் பாத்துட்டு, கோடை லீக்ல நாலாவது இடத்துல ஆடறியான்னு கேட்டாங்க. லீக்னா பெருசா எதுவும் நினைக்காதீங்க. மாவட்டத்துலயே கடைசி டிவிஷன். இங்க ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் 1 முதல் 25 வரைக்கும் ஒரு தரம் உண்டு. 25ன்னா அடிமட்டம். நான் 25. இதை வச்சுத்தான் ஜெர்மனி நடுங்கும்னு எழுதினேன். அவ்வ்வ்.

இங்க கோடைன்னா சிவப்பு மண்ணுன்னு அப்போ எனக்கு சரியா உறைக்கல. டி.வி.யில பாத்ததுதானே, அதுல என்னன்னு விட்டுட்டேன்.

கிளப் மெம்பர்னா வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் உடல் உழைப்பு தரணும், இல்லேன்னா அதுக்குக் காசு கட்டணும். ஸ்டூடண்ட் எதைத் தேர்ந்தெடுப்பான்னு சொல்லணுமா? ஏப்ரல் ஆரம்பத்துல ஒரு சனிக்கிழமை, கையில மண்வெட்டி. பனியில இளகிப்போன பழைய மேல்தோலைச் சுரண்டி எடுத்து, மூட்டை மூட்டையா சிவப்புத் தூள் கொட்டி, தண்ணி விட்டு, ரோலர் உருட்டினோம். கொத்தனார் வேலைதான். அப்பதான் ஒரு விஷயம் தெரிஞ்சது. களிமண் கோர்ட், களிமண் கோர்ட்னு எல்லாரும் சொல்றோமே, அதுல களிமண்ணே கிடையாது. செங்கல்லைப் பொடியாக்கின தூள். பாரீஸ்ல ரோலான் கரோஸும் இதேதான்: அடியில பெரிய கல், அதுக்கு மேல சரளை, அப்புறம் எரிஞ்ச நிலக்கரிக் கசடு, அதுக்கு மேல அரைச்ச சுண்ணாம்புக் கல், எல்லாத்துக்கும் மேல செங்கல் தூள். அந்தத் தூள் ஒன்னு ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். உலகமே பாக்கற அந்தச் சிவப்பு மொத்தமும் நகக்கண் கனம்.

இதோட பூர்வீகம் பத்தி ஒரு கதை சொல்வாங்க. 1880கள்ல ரென்ஷா சகோதரர்கள், விம்பிள்டன்ல கொடி கட்டிப் பறந்தவங்க, பிரான்ஸ்ல கான் நகரத்துல புல் கோர்ட் வெயிலுக்குக் கருகுதேன்னு உடைஞ்ச மண்பாண்டத்தைப் பொடி பண்ணித் தூவினாங்களாம். ஓட்டைப் பானைக்கும் ஒரு வாழ்வு.

சரி, மேட்ச்சுக்கு வருவோம். முதல் கேம் என் சர்வ். திருச்சியில ஏஸ் ஆகற சர்வ் ஒன்னு போட்டேன். அந்தம்மா பேஸ்லைனுக்கு ரெண்டு மீட்டர் பின்னாடி நின்னு, பந்து எழும்பி, தளர்ந்து, அவங்க இடுப்புக்கு வர்ற வரைக்கும் காத்திருந்து, உயரமா திருப்பிப் போட்டாங்க. சரின்னு ஃபோர்ஹேண்ட் மூலைக்கு அடிச்சேன். சிமெண்ட்ல அது முடிஞ்சு போன பாயிண்ட். நான் அடுத்த சர்வுக்குத் திரும்பவே ஆரம்பிச்சுட்டேன். பந்து திரும்பி வந்துடுச்சு. மறுபடி அடிச்சேன், மறுபடி வந்தது. அஞ்சாவது தடவை எரிச்சல்ல ஓங்கி அடிச்சேன், வேலிக்குப் போச்சு. மேட்ச் முழுக்க இதே கதை. அந்தம்மா ஒரு பந்தைக்கூட பலமா அடிக்கல. அடிக்கற வேலையை எங்கிட்ட விட்டுட்டாங்க, தப்பு பண்ற வேலையையும்.

நான் பின்னாடி போய் நிக்க ஆரம்பிச்சதும் டிராப் ஷாட் ஆரம்பிச்சது. நெட்டைத் தாண்டினதும் பந்து மண்ணுல செத்து விழும். நான் ஓடணும்னு நினைப்பேன், முதல் எட்டு அழுத்தி எடுத்து வைப்பேன், தூள் அப்படியே காலை வாரி விடும். நின்ன இடத்துலயே ஓடற கார்ட்டூன் பூனை மாதிரி ரெண்டு எட்டு வீண். அதுக்குள்ள பந்து ரெண்டு தடவை குத்திடும். அந்தப் பக்கம் நிக்க முடியலேன்னா இந்தப் பக்கம் நிக்க முடியாது. வேகமா ஓரத்துக்கு ஓடி, சிமெண்ட் பழக்கத்துல காலை ஊன்றி நிறுத்தப் பார்த்தா, ஊன்றின கால் அரை மீட்டர் தானா போய்க்கிட்டே இருக்கும். ரெண்டாவது செட்ல ஒரு தடவை உக்காந்தே விட்டேன். வெள்ளை ஸ்கர்ட் பின்பக்கம் முழுக்க செங்கல்.

இதுல ஒரு சம்பவம் மட்டும் தனியா சொல்லணும். ரெண்டாவது செட்ல அவங்க அடிச்ச ஒரு பந்து என் பக்கம் ஓரக் கோட்டுகிட்ட விழுந்தது. எனக்கு வெளியில போன மாதிரிதான் இருந்தது, "அவுட்"டுன்னேன். சிமெண்ட்ல அதோட முடிஞ்சது, சாட்சி கிடையாது. இங்க அம்பயர் இல்லேன்னாலும் தரையே எழுதி வச்சுக்கும். அந்தம்மா கோபமே இல்லாம, தடத்தைப் பாத்துச் சொல்லுன்னாங்க. போய்ப் பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக் கோட்டை ஒட்டினாப்புல பாதி நிலா மாதிரி ஒரு தடம். வெளியில விழுந்திருந்தா முழு வட்டமா இருக்கும், கோட்டுக்கும் அதுக்கும் நடுவுல கொஞ்சம் சிவப்பு தெரியும். பாதி நிலான்னா மீதிப் பாதி கோட்டு மேல விழுந்திருக்குன்னு அர்த்தம். அவங்கதான் அப்புறமா சாப்பாட்டு மேசையில இதை விளக்கினாங்க. அப்போ எனக்கு அது தெரியாது. தடம் கோட்டுக்கு வெளியிலதானே இருக்குன்னு "அவுட்"டுன்னே நின்னேன். சரின்னு தலையசைச்சுட்டு அடுத்த பாயிண்டுக்குப் போயிட்டாங்க. அந்த கேமை நான்தான் ஜெயிச்சேன். மேட்ச் முழுக்க நான் எடுத்த மூணு கேம்ல ஒன்னு அது.

மேட்ச் முடிஞ்சா ரெண்டு டீமும் ஒன்னா உக்காந்து சாப்பிடறது இங்க வழக்கம், வந்த டீமுக்கு வீட்டு டீம் சமைச்சுப் போடணும். உருளைக்கிழங்கு சாலட்டை எனக்குப் பரிமாறினது அந்தம்மாதான். கிளப்புக்குள்ள வயசு வித்தியாசம் பாக்காம எல்லாரும் எல்லாரையும் "டூ"ன்னுதான் கூப்பிடணும், அதாவது நீ. அம்மாவை விட மூத்தவங்கள நீ, வா, போன்னு கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரல, வாக்கியத்தையே சுத்தி வளைச்சுப் பேசுவேன். அவங்க, "நீ ரொம்ப அழகா அடிக்கற"ன்னாங்க. தோத்ததை விட அது வலிச்சது.

ஞாயித்துக்கிழமை அப்பா போன் பண்ணினார்.

"மேட்ச் என்னாச்சு பாப்பா?"

"ஜெயிச்சுட்டேன்பா. 6-2, 6-1."

ஏன் அப்பிடிச் சொன்னேன்னு இப்ப வரைக்கும் தெரியல. எட்டு வருஷம் பெஞ்ச்ல உக்காந்த மனுஷன்கிட்ட ஒரு பாட்டிகிட்ட தோத்தேன்னு சொல்ல நாக்கு வரல, அவ்வளவுதான்.

"அட! எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நாப்பது நிமிஷம் இருக்கும்பா."

அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். "தரை என்னன்னு சொன்ன?"

"மண்ணுப்பா. சிவப்பு மண்ணு."

"மண்ணுல நாப்பது நிமிஷத்துல ஜெயிச்சியா? எப்பிடி, எல்லாம் மூணு அடியிலயா?" குரல்ல கிண்டல் இல்ல. வெறும் சந்தேகம். ஒரு நிமிஷம் நின்னு, "அடி கிடி படலையே?"ன்னார். நான் அழுதுட்டேன். (நம்பலேன்னா போங்க.)

அன்னிக்கு ஒரு மணி நேரம் பேசினார். இருபத்தஞ்சு வருஷத்துல எனக்குத் தெரியாத அப்பா. தாத்தா தெற்கத்தி ஊர் ஒன்னுல அரசு ஆபீஸ்ல கிளார்க். அங்க ஆபீசர்ஸ் கிளப்ல மண் கோர்ட் ஒன்னு. அப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து பந்து பொறுக்கப் போவாராம். ஆபீசர் யாராவது வராத சாயந்திரம், நாலாவது ஆளா நிக்கச் சொல்வாங்களாம். காலையில மார்க்கர் தண்ணி தெளிச்சு, சாணி கரைச்சு கோர்ட்டை மெழுகி, சுண்ணாம்புல கோடு போடுவார், அந்த வாசனை இன்னும் மூக்குல இருக்குன்னார். திண்ணை மெழுகற மாதிரியேதான். தூசி அடங்கும், தரை இறுகும். பத்து வருஷம் அதுல ஆடின கால், அப்புறம் வேலை, கல்யாணம், திருச்சி. "சிமெண்ட்ல ஒரு நாள் ஆடிப் பாத்தேன் பாப்பா. ஒவ்வொரு எட்டும் முட்டியில நேரா வந்து இடிச்சுது." அப்போ அது சாக்கு இல்ல.

அப்புறம் 1987க்குப் போயிட்டார். அப்பாவுக்கு அப்போ பதினேழு வயசு. டேவிஸ் கப்புல இந்தியா ஃபைனல் போன வருஷம். விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன், ரெண்டு பேருமே மெட்ராஸ். செமி ஃபைனல்ல ஆஸ்திரேலியாவை அவங்க ஊரு சிட்னியிலயே, புல் கோர்ட்ல 3-2ன்னு சாய்ச்சாங்க. புல்லு நம்ம ஆளுங்களுக்குக் கை வந்த தரை. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ரெண்டு வருஷமும் விம்பிள்டன் செமி ஃபைனல். விஜய் அமிர்தராஜ் 1973லயும் 1974லயும் யு.எஸ். ஓப்பன் கால் இறுதி, அந்தக் காலத்துல அதுவும் புல்லுலதான். பந்து தாழ்வா வழுக்கிட்டு வர்ற இடத்துல மென்மையா தொட்டு ஆடறவங்களுக்கு மவுசு ஜாஸ்தி. ஆனா டேவிஸ் கப்புல ஒரு விதி உண்டு, சொந்த ஊர்ல ஆடற நாடுதான் தரையைத் தேர்ந்தெடுக்கும். ஃபைனல் ஸ்வீடன்ல, கோத்தன்பர்க்ல, டிசம்பர் மாசம், கூரைக்குக் கீழ. அங்க கொண்டு வந்து போட்டாங்க பாருங்க, மண்ணு. 5-0. "அஞ்சும் போச்சு. பேப்பர்ல அதைப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியமே இல்ல"ன்னார். "மண்ணுல நின்னு பழகினவனுக்குத்தான் தெரியும், புல்லுல கிடைக்கற பாயிண்ட் அங்க கிடைக்காதுன்னு."

பெரிய பெரிய ஆளுங்களே இதுல மாட்டியிருக்காங்க. சாம்ப்ராஸ் மொத்தம் 14 கிராண்ட் ஸ்லாம் ஜெயிச்சார், அதுல ஃபிரெஞ்ச் ஓப்பன் ஒன்னு கூட இல்ல. நடால் ஃபிரெஞ்ச் ஓப்பன் மட்டுமே 14 ஜெயிச்சார். இன்னொரு பக்கம் கானர்ஸ் மாதிரி ஆளும் உண்டு. யு.எஸ். ஓப்பன் 1974ல புல்லு, 1976ல பச்சை மண்ணு, 1978ல ஹார்ட் கோர்ட். மூணுலயும் அவர்தான் சாம்பியன். போட்டி தரையை மாத்திக்கிட்டே போச்சு, அவர் பின்னாடியே போய் ஜெயிச்சுக்கிட்டே இருந்தார்.

அப்பா சொன்ன வைத்தியம் ரெண்டே வரி. "அடிச்சுட்டு வழுக்காதே, வழுக்கிட்டு அடி. அப்புறம், பாயிண்ட் முடிஞ்சுதுன்னு நீயா முடிவு பண்ணாதே."

கேட்க சுலபமா இருந்தது. மறுநாள் சாயந்திரம் யாரும் இல்லாத கடைசி கோர்ட்ல பந்து இல்லாம, ராக்கெட் இல்லாம வழுக்கிப் பழக ஆரம்பிச்சேன். சின்ன வயசுல மழை பேஞ்ச வாசல்ல சறுக்கி விளையாடினது மாதிரி இருக்கும்னு நினைச்சேன். பயம் வந்துடுச்சு. உடம்பு பத்து வருஷமா நம்பின ஒரே விஷயம் கால் நிக்கும்ங்கறது. இப்ப வேணும்னே அதை நிக்க விடாம இருக்கணும். வலது பக்கம் ஓடறப்போ பந்துக்கு ஒரு எட்டு முன்னாடியே வலது காலை, ஓடற திசையைப் பாத்த மாதிரி நீட்டி விடணும். முட்டி நல்லா மடங்கணும், இடது கால் பின்னாடி இழுபடணும். வழுக்கல் முடியற இடமும் பந்து வர்ற இடமும் ஒன்னா அமையணும். நான் அதுவரைக்கும் பண்ணினது நேர் எதிர். நின்னு அடிச்சுட்டு, அந்த வேகத்துல வழுக்கி, கோர்ட்டை விட்டு ரெண்டு மீட்டர் வெளியில போய், திரும்பி வர்றதுக்குள்ள அடுத்த பந்து வந்திருக்கும். முதல் வாரம் ரெண்டு தடவை விழுந்து முழங்கால் தோல் உரிஞ்சது. லேப்ல என் கைடு பாத்துட்டு சைக்கிள்ல விழுந்தியான்னார். ஆமான்னு சொல்லி வச்சேன். பொய் ஒரு தடவை பழகிட்டா...

ஷூவும் மாறிச்சு. மண்ணுக்கு அடிப்பக்கம் முழுக்க மீன் முள்ளு மாதிரி குறுக்கு நெடுக்கு வரி இருக்கணும். வழுக்கவும் விடும், நிறுத்தவும் செய்யும். வரிக்குள்ள தூள் அடைச்சா ஒன்னும் பண்ணாது, அதனாலதான் டி.வி.யில அவங்க அடிக்கடி ராக்கெட்டால ஷூவைத் தட்டறாங்க. இத்தனை நாள் அது ஸ்டைல்னு நினைச்சிருந்தேன். 2007ல மயோர்காவுல ஃபெடரரும் நடாலும் ஒரு பாதி புல்லு, ஒரு பாதி மண்ணுன்னு போட்ட ஒரே கோர்ட்ல விளையாட்டா ஒரு மேட்ச் ஆடினாங்க. பக்கம் மாறும்போதெல்லாம் ஷூ மாத்த ரெண்டு நிமிஷம் கொடுத்தாங்க. நடால்தான் ஜெயிச்சார், அதுவும் மூணாவது செட் டை பிரேக்ல, இழுத்துக்கோ பிடிச்சுக்கோன்னு.

ஆட்டத்துல என்ன மாறிச்சுன்னா, முதல்ல பந்து நெட்டுக்கு மேல போற உயரம். சிமெண்ட்ல நெட்டை உரசிப் போனா பெருமை. மண்ணுல ஒரு மீட்டர் மேல போனாலும் பரவாயில்ல, நல்லா சுழல விட்டு ஆழமா போடணும். தட்டையா வந்த பந்தோட முன் வேகத்தை தூள் பிடிச்சு உறிஞ்சிடும், அதான் பாட்டிக்கு அவ்வளவு நேரம் கிடைச்சது. முன்பக்கமா சுழலற பந்து அதே தூள்ல பிடிச்சு எகிறித் தோள் உயரத்துக்கு வரும், எதிராளிக்கு அது தொந்தரவு. சர்வும் அப்பிடித்தான், ஓங்கி அடிக்கறதை விட எகிற விடற சர்வுக்குத்தான் பலன். இதுல இன்னொரு கூத்து, மண்ணு தினம் ஒரே மண்ணா இருக்காது. காலையில தண்ணி தெளிச்ச ஈரத்துல பந்து தூளை அப்பிக்கிட்டு கனத்துடும், மாவு உருண்டை அடிக்கற மாதிரி. மத்தியானம் வெயில் காய்ஞ்சா தரை வறண்டு அதே கோர்ட் வேகமாயிடும், வழுக்கலும் கூடும். ஆஹன்ல மழைக்குப் பஞ்சம் இல்லாததால எனக்குக் கிடைச்சது பெரும்பாலும் மாவு உருண்டைதான். நரம்பை ஒரு கிலோ தளர்த்திக் கட்டிக்கிட்டேன், பந்து கொஞ்சம் ஆழமா போச்சு.

எல்லாத்தையும் விட கஷ்டம் பொறுமை. பத்தாவது அடியில கை பரபரக்கும். கேப்டன் அக்கா வேலிக்கு வெளியில நின்னு இன்னும் ஒன்னு, இன்னும் ஒன்னுன்னு கத்துவாங்க. ஜூன்ல ரெண்டு மேட்ச் ஆடி ரெண்டும் தோத்தேன், ஆனா 4-6, 5-7 மாதிரி. அடுத்த வருஷம் நாலாவது இடத்துக்கு வேற பொண்ணு வர்றதா பேச்சு அடிபட்டது. அக்கா எங்கிட்ட நேரா எதுவும் சொல்லல. அதுதான் பயமா இருந்தது.

ஜூலையில கடைசி மேட்ச். எதிர்ல என் வயசுப் பொண்ணு. முந்தின நாள் மழை, கோர்ட் கருஞ்சிவப்பு. முதல் செட் 6-4ன்னு எடுத்தேன், வாழ்க்கையில முதல் மண் செட். ரெண்டாவது 3-6 போச்சு. மூணாவது செட்டுக்குப் பதிலா இங்க பத்து பாயிண்ட் டை பிரேக். 8-8. நீளமா ஒரு ராலி, இருபது அடிக்கு மேல இருக்கும், ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது. அவ ஒரு ஃபோர்ஹேண்டை என் பேஸ்லைன் மூலைக்கு விட்டா. நான் வழுக்கிப் போயும் எட்டல. வாய் தானா "அவுட்"டுன்னு சொல்லிடுச்சு, விரலும் மேல போயிடுச்சு. அந்தப் பொண்ணு ஒன்னும் சொல்லாம திரும்பி நடக்க ஆரம்பிச்சா. கேட்டிருந்தா கூட தேவலை.

கீழ பார்த்தேன். கோட்டை ஒட்டி, பாதி நிலா.

ஷூவால அழிச்சுட்டுப் போக ஒரு நொடி போதும். கூப்பிட்டு, உள்ளதான்னு சொன்னேன். நான் தொடாத பந்து, அதனால பாயிண்ட் அவளுக்கு. 8-9. அடுத்த பாயிண்ட்ல, என்ன துணிச்சலோ, அந்த அம்மாவோட டிராப் ஷாட்டை முயற்சி பண்ணினேன். பந்து நெட்டு மேல பட்டு, ஒரு நொடி யோசிச்சு, என் பக்கமே விழுந்துடுச்சு. 8-10.

டீமும் 2-4ன்னு தோத்தது. கடைசி டிவிஷனுக்குக் கீழ இன்னொன்னு இல்லாததால நாங்க பத்திரமா இருக்கோம். மேட்ச் முடிஞ்சு மேட் இழுத்துட்டு இருந்தப்போ (வெளி ஓரத்துல ஆரம்பிச்சு வட்ட வட்டமா உள்ள வரணும், தூளை வெளியில தள்ளக் கூடாது, கடைசியா கோட்டைப் பெருக்கணும்) கேப்டன் அக்கா வந்து மறு முனையைப் பிடிச்சுக்கிட்டாங்க. குளிர் காலத்துக்கு எந்த நாள் ஹால் புக் பண்ணட்டும்னு கேட்டாங்க. வியாழக்கிழமைன்னேன்.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு நானே போன் பண்ணினேன்.

"தோத்துட்டேன்பா."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டே கால் மணி நேரம்."

"ம்." திருப்தியா ஒரு ம். அப்புறம் அந்த 8-8 பாயிண்டைச் சொன்னேன். மே மாச பாதி நிலாவையும் சேர்த்தே சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. பாராட்டப் போறார், இல்ல திட்டப் போறார்னு காத்திருந்தேன்.

"கோடு சுண்ணாம்பா, பிளாஸ்டிக்கா?"ன்னார்.

"பிளாஸ்டிக்பா."

"அதான். சுண்ணாம்பா இருந்தா வெள்ளையா புகை எழும்பும், குனிஞ்சு பாக்கவே வேண்டாம்."

பி.கு: செங்கல் தூள் சாக்ஸ்ல ஏறினா போகவே போகாது. என்னோட எல்லா வெள்ளை சாக்ஸும் இப்போ காவி. டிசம்பர்ல ஊருக்கு வர்றப்போ ஒரு ஜோடியைத் துவைக்காம எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கார் அப்பா. அம்மாவுக்கு இது தெரியாது, யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க.